சால்வைக்கு அடியில் காய்ந்தது

பெண்களின் உள்ளாடை வெயிலைக் காணலாம், அதை ஒருவரும் காணக்கூடாது என்பது எங்கள் வெள்ளவத்தை வீட்டின் சட்டம். பல்கனிக் கொடியில் அது காயும்போது மேலே ஒரு துவாயோ சால்வையோ போர்த்தியிருக்க வேண்டும். நான்காம் மாடியில் கடற்காற்று பலம் என்பதால் இரண்டையும் ஒரே கிளிப்பால் சேர்த்துக் கவ்விவிடுவேன். (ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவள் நான்தான், அன்றுவரை அதில் பெருமையும் இருந்தது.)

என்னைப் பெண் பார்க்க வந்த மாலை, மாப்பிள்ளை வீட்டார் மணியடித்த பதற்றத்தில் அப்பா கொடியிலிருந்த தம் சால்வையை உருவித் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார். சால்வையோடு கிளிப்பும் வந்தது. கிளிப்போடு என் மானமும் வந்து அவர் முதுகில் வெள்ளை வெளேரெனத் தொங்கியது.

அந்தக் கோலத்தில் அவர், பெண்பிள்ளைகளிடம் அடக்கம் குறைந்துவிட்டதே என்று வருந்திப் பேசினார். மாப்பிள்ளையின் தகப்பனார் மின்விசிறியை ஆராய்ந்தார். தேநீர்த் தட்டோடு வந்த நான் தூணாகி நின்றேன். எனக்கு இந்தச் சம்பந்தம் பிடித்திருந்தது. மாப்பிள்ளையின் படத்தில் கண்ட சிரிப்பு பிடித்திருந்தது. (ஆசையையும் அந்த வீட்டில் துவாய்க்கு அடியில்தான் காயப்போட வேண்டும்.)

கடைசியில் மாப்பிள்ளையின் தாயார் மெல்லச் சொன்னார்: "அண்ணை, உங்கட முதுகில ஒரு கிளிப் கிடக்கு."

அப்பா கையைப் பின்னால் விட்டு எடுத்து, கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். பார்த்தது என்னவென்று அவருக்குப் பிறகுதான் விளங்கியது.

"மேல் வீட்டு ஆக்களின்ர," என்றார் அம்மா. "காத்துக்கு விழுந்திருக்கும்."

மேல் வீட்டில் இருந்தவர் மணமாகாத, ஓய்வுபெற்ற ஒரு பள்ளிக்கூட அதிபர் மட்டுமே. அப்பா அது தெரிந்தும் தலையாட்டி, அதை அவசரமாகப் பத்திரிகைத் தாளில் சுற்றினார். அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் கண்ணியம் கருதித் தரையையே பார்த்திருந்த மாப்பிள்ளை, பொட்டலத்துக்குள் இருப்பது என்னவென்று அறியாமல் எழுந்தார். லிப்ட் வேலை செய்யவில்லை, அங்கிள் படியேற வேண்டாம், தானே கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். தடுப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்துக்கு எங்கள் வீட்டில் சொல் இல்லை.

மேலே கதவு தட்டும் சத்தம் கேட்டதும் தட்டை அம்மாவிடம் திணித்துவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அதிபர் பொட்டலத்தை வாங்கிப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்.

"தாங்கோ சேர்," என்றேன். "அது என்ர."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். பாதி பிரிந்த தாளைப் பார்த்தார். பிறகு படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். படத்தில் கண்டதைவிடப் பெரிய சிரிப்பு.

இன்று கல்கிசையில் எங்கள் மகள் பல்கனியில் எல்லாவற்றையும் மறைப்பின்றிக் காயப்போடுகிறாள். அயலில் எவரும் மயங்கி விழவில்லை. என் கணவர்தான் திருந்தவில்லை. விமான நிலையத்தில் பெட்டிகள் சுழன்று வரும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். எங்கள் பெட்டி கண்முன்னே மறுபடி சுற்றிப் போனாலும் தொடமாட்டார். சுற்றி நிற்பவர்கள் எல்லாம் கேட்க, "அது என்ர" என்று நான் உரத்துச் சொன்ன பிறகே தூக்குவார்.