பதினெட்டாவது டப்பா

பேனா வைத்திருக்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பேனாவின் மூடி, கழுத்து, நாக்கு இவற்றை மட்டும் வைத்திருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். சட்டைப் பையில் மூன்று மைப்பேனா சொருகிக்கொண்டு, தபால்காரர் கையெழுத்துக் கேட்டால் அந்தத் தபால்காரரிடமே பேனா கடன் வாங்குகிறாரே, அவர்தான். இந்த இனத்துக்கு உதிரி வேட்டையர் என்று பெயர். வைத்தது நான்தான், வேறு யாரும் வைக்க முன்வரவில்லை.

காஞ்சிபுரத்தில் பட்டுக்கு அடுத்தபடியாக விளைவது இந்த இனம்தான். நம்பவில்லையா? சரி, பாதியைத் தள்ளிவிட்டு மீதியை நம்புங்கள். அவர்களில் கொம்பு முளைத்த ஒருவரைப் பிடித்துக் காட்டுகிறேன். மற்றவர்களை நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

செவிலிமேட்டில், பாலாற்றுப் பக்கம் முளைத்த புது வீடுகள் ஒன்றில் கிறிஸ்டோபர் இருக்கிறார். பேருந்துப் பணிமனையில் முப்பத்துநான்கு வருஷம் நேரம் குறித்தவர். பஸ் மூன்று நிமிஷம் தாமதமாக வந்தால் டிரைவரின் மூன்று தலைமுறையை விசாரித்துவிட்டுத்தான் விடுவார். ஓய்வு பெற்றபின் விசாரிக்க டிரைவர் கிடைக்காமல் போகவே, பழைய மைப்பேனாக்களை விசாரிக்க ஆரம்பித்தார். பழுதுபார்க்கிறேன் என்று அதற்குப் பெயர்.

அவர் அலமாரியில் பதினெட்டு டப்பாக்கள். பால்பவுடர் வந்தது, ஜரிகை வந்தது, கிறிஸ்துமஸ் கேக் வந்தது என்று உருவம்தான் வேறு. ஒவ்வொன்றிலும் வெள்ளைத் தாள் ஒட்டி, முத்துமுத்தான கையெழுத்தில், பால் பாயிண்ட் பேனாவால், உள்ளே இருப்பது இன்னதென்று எழுதியிருக்கும். 'கழுத்து மட்டும்.' 'கிளிப், வளைந்தவை.' 'கிளிப், வளையப் போகிறவை.' 'நாக்கு, சந்தேகத்துக்குரியவை.' நாக்கு என்றால் நிப்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டு மையை அளந்து விடுகிற கறுப்புக் கட்டை. பதினெட்டாவது டப்பாவின் மேல் 'முழுப் பேனாக்கள்' என்று எழுதியிருக்கும். அது காலி. ஒட்டிய நாளிலிருந்தே காலி. அதை மட்டும் அவர் திறப்பதில்லை. இல்லாததைப் பார்க்க யார் டப்பா திறப்பார்கள்?

இவரிடம் போய் ஒரு நல்ல பேனாவைக் கொடுத்தாள் அவர் மனைவி எஸ்தர். தெரிந்தே கொடுத்தாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷமாகியும் நம்பிக்கை போகாத பெண்மணி.

எஸ்தர் மாகறல் போகிற வழியில் ஒரு தொடக்கப் பள்ளிக்குத் தலைமையாசிரியை. பேனா அவள் அப்பா அந்தோணி வாத்தியாருடையது. அவரும் அதே பள்ளிக்கூடத்தில்தான் இருந்தார். 'ஐராவதம்' என்று அந்தக் காலத்தில் ஒரு கம்பெனி. கிளிப் யானைத் துதிக்கை மாதிரி வளைந்து இறங்கும். எழுதாத நேரத்தில் வாத்தியார் மூடியைக் கடித்துக்கொண்டே யோசிப்பாராம். முன்பல் இரண்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி அவருக்கு. மூடியில் இரண்டு பள்ளமும் நடுவே ஒரு மேடும் அப்படியே பதிந்திருந்தன.

"ரிடையர் ஆவுற அன்னிக்கி இதுலதாங்க கையெழுத்துப் போடணும். எங்கப்பாவும் கடேசி நாள் அதே நோட்டுல, இதே பேனாவுலதான் போட்டாரு. மை கொஞ்சம் கசியுது, விரல்லாம் நீலமா ஆவுது. அப்பா திருகுற மரைக்கு மெழுகுவர்த்தி தேய்ப்பாரு. அந்த மாதிரி எதுனா செஞ்சு குடுங்க."

"மெழுகுவர்த்தியா?" கிறிஸ்டோபர் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது. "எஸ்தரு, அதெல்லாம் கை வைத்தியம்மா. நோய் எங்க இருக்குதுன்னு மொதல்ல பாக்கணும். ரிடையர்மெண்ட் எப்போ?"

"ரெண்டு வருஷம் இருக்குது."

"ரெண்டு நாள் போதும்!"

இந்த வார்த்தையை உதிரி வேட்டையர் யாராவது சொன்னால், உடனே பேனாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுங்கள். எஸ்தர் ஓடவில்லை.

கிறிஸ்டோபர் பேனாவைக் கழற்றினார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். முகம் இருண்டது.

"நாக்கு அசல் இல்ல. ஐராவதம் நாக்குல ஏழு கோடு இருக்கும். இதுல ஆறுதான் இருக்குது. எவனோ மாத்திட்டான்."

"எழுதுதா?"

"எழுதுது. அதுவா இப்போ கேள்வி?"

அதுதான் கேள்வி என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். இவர்களுக்குத் தெரியாது. இந்த இனத்துக்கு எழுதுகிற பேனா முக்கியமில்லை, அசல் பேனா முக்கியம். கம்பெனியை இழுத்துச் சாத்தி ஐம்பது வருஷமாகிறது. அந்தக் கம்பெனியின் வாட்ச்மேன்கூட இன்றைக்கு உயிரோடு இல்லை. ஆனாலும் ஏழாவது கோடு எங்கோ ஒரு டப்பாவில் தனக்காகக் காத்திருக்கிறது என்று கிறிஸ்டோபர் நம்பினார். ஆறு கோட்டு நாக்கை 'சந்தேகத்துக்குரியவை' டப்பாவில் அடைத்துவிட்டு வேட்டைக்குக் கிளம்பினார்.

வேட்டை தொலைவில் நடக்கவில்லை. பிள்ளையார்பாளையத்தில் வேணுகோபால் என்று ஒருவர், புடவை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுத் தருகிறவர், அதே இனம். இரண்டு வேட்டையர் சந்தித்தால் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

"வேணு, ஐராவதம் நாக்கு இருக்குதா?"

"இருக்குதுபா."

"குடு."

"இருக்குதுன்னுதான் சொன்னேன். குடுக்குறேன்னு சொன்னேனா?"

மூன்று டீ குடித்தார்கள். நாட்டு நிலவரம் பேசினார்கள். எழுந்து செருப்பு மாட்டுகிற நேரத்தில் வேணுகோபால் வானத்தைப் பார்த்துச் சொன்னார்: "யானை மூடி ஒண்ணு குடு. நாக்க எடுத்துக்கினு போ."

நீங்களாயிருந்தால் என்ன செய்வீர்கள்? நாக்கு வாங்க மூடியைக் கொடுத்தால் பேனா மொட்டையாகிவிடுமே என்று யோசிப்பீர்கள். கிறிஸ்டோபரும் யோசித்தார், அவருடைய இனத்து முறைப்படி. நாக்கு பேனாவின் உயிர். மூடி வெறும் தொப்பி. தொப்பி எந்த ஊரிலும் கிடைக்கும். அதிலும் இது பல் பட்ட தொப்பி, குறையுள்ள சரக்கு. வேணுதான் ஏமாந்தான்! கொடுத்துவிட்டு, ஏழு கோட்டு நாக்கோடு சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டே வீடு வந்தார்.

"எழுதுதா?" என்றாள் எஸ்தர்.

"பிரமாதமா எழுதும். மூடி மட்டும் ஒண்ணு பாக்கணும்."

எஸ்தர் மொட்டைப் பேனாவைத் திருப்பிப் பார்த்தாள். "அதுல மூடி இருந்துச்சே?"

"அது வேற" என்றார் கிறிஸ்டோபர். இந்த இனத்தின் அகராதியில் 'அது வேற' என்றால் தப்பு செய்துவிட்டேன் என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு ஒன்றேமுக்கால் வருஷம் மூடி வேட்டை நடந்தது. சென்னையில் பழைய சாமான் விற்கிற தெருக்களையெல்லாம் முழங்காலிட்டுத் தேடினார். ஆற்காட்டில் ஒரு ஸ்டேஷனரிக் கடை பாய், "அட, நேத்துதான் ஒருத்தர் வாங்கிக்கினு போனாரு" என்றார். மறு மாதம் போனபோதும் அதே நேற்றுதான். வைகாசி கருட சேவைக்கு ஊரே தெருவில் நின்று குடை வருகிறதா என்று அண்ணாந்து பார்க்க, கிறிஸ்டோபர் மட்டும் கூட்டத்தில் வயதானவர்களின் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டே போனார். இரண்டு பேர் பிக்பாக்கெட் என்று நினைத்துப் பர்ஸை இறுக்கிக்கொண்டார்கள். துக்க வீட்டுக்கு மாலையோடு போனவர், விதவையின் கையைப் பிடித்துக்கொண்டு குரல் தழுதழுக்க, "பெரியவருக்கு எழுதுற பழக்கம் உண்டாம்மா?" என்று கேட்டார். அந்த அம்மாள் இவருடைய அன்பை நினைத்து இன்னும் ஒரு பாட்டம் அழுதாள்.

வெட்கத்தை விட்டு வேணுகோபாலிடமே திரும்பிப் போனார். "என் மூடியைக் குடுத்துருபா."

"அது ஆரணி போயிடுச்சே! ஒரு கழுத்துக்கு மாத்திக்கினேன். ஆரணிக்காரர் அத வேலூருக்குத் தள்ளிட்டாராம். அப்புறம் எங்கன்னு தெரியல." வேணுகோபாலுக்கு உபதேசம் செய்யவும் வந்துவிட்டது. "தறியில ஒரு இழை அறுந்தா நாங்க முடிச்சுப் போட்டுட்டு நெய்வோம். நீ இன்னாடான்னா பாவு நூல் மொத்தத்தையும் அறுத்துட்டு இழையத் தேடிக்கினு இருக்குற."

"நீதானய்யா மூடி கேட்ட!"

"நான் கேப்பேன். நீ குடுக்கலாமா?"

ஏப்ரல் வந்தது. எஸ்தர் தினம் ஒரு தடவை "பேனா?" என்று கேட்டாள். கிறிஸ்டோபர் தினம் ஒரு தடவை "வந்துக்கினு இருக்குது" என்றார், ஊருக்கு வெளியே பஞ்சராகி நிற்கிற பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோல. மே மாதம் இரண்டாவது வாரத்தில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

"விடுங்க. பால் பாயிண்ட்லயே போட்டுடறேன். கையெழுத்துதான?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அன்று காலை எட்டு இட்லியில் அவருக்கு ஆறுதான் இறங்கியது. மாமனார் மைப்பேனாவில் கையெழுத்துப் போட்ட அதே பள்ளிக்கூட நோட்டில், தான் செய்த தப்பால், ஒரு கடைப் பேனாவின் கிறுக்கல். முப்பத்துநான்கு வருஷம் மற்றவர்களின் தாமதத்தைக் குறித்தவருக்கு, குறிக்க வேண்டிய தாமதம் தன்னுடையது என்று அன்றுதான் தெரிந்தது.

மே இருபத்துநாலு. வேட்டையர்களின் வாட்ஸ்அப் குழுவில், வணக்கம் போடுகிற நூற்றுத் தொண்ணூறு பூக்களுக்கு நடுவே, திண்டிவனத்துக்காரர் ஒருவரின் செய்தி: 'ஐராவதம் மூடி. அசல். சிறு அடையாளங்கள் உண்டு. பதிலுக்கு ஏழு கோட்டு நாக்கு வேண்டும்.' கூடவே ஒரு படம். துதிக்கை மட்டும் தெரிந்தது.

கிறிஸ்டோபர் யோசித்தார். நாக்கு உள்ளே ஒளிந்து கிடப்பது. யார் பார்க்கப் போகிறார்கள்? மூடிதான் பேனாவின் முகம். முகமில்லாத பேனா பேனாவா? திண்டிவனத்தான்தான் ஏமாந்தான்! இரண்டு வருஷத்துக்கு முன் இதே தலைக்குள் இதே வாக்கியம் தலைகீழாக ஓடியது அவருக்கு ஞாபகம் வரவில்லை. இந்த இனத்துக்கு உதிரிபாக எண்கள் எல்லாம் ஞாபகமிருக்கும், இது இருக்காது. நாக்கைப் பஞ்சில் சுற்றிக் கூரியரில் அனுப்பினார்.

மூடி முப்பதாம் தேதி காலையில் வந்தது. அவர் கத்தரிக்கோல் தேடுவதற்குள் எஸ்தர் உறையைக் கிழித்து, மூடியை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். கட்டைவிரலால் தடவினாள். இரண்டு பள்ளம். நடுவே ஒரு மேடு.

"இன்னாங்க, இது எங்கப்பா பல்லு."

கிறிஸ்டோபர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அது மாமனாரின் பல்லேதான். மேலே நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வராமல் ரொம்ப நேரம் பூதக்கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷமா இதயா தேடுனீங்க?"

"அது வேற..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

எஸ்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. கடைசியில் வந்த தண்ணீர் சிரிப்பினால்தானா என்று கிறிஸ்டோபருக்குச் சந்தேகம். போய், 'சந்தேகத்துக்குரியவை' டப்பாவிலிருந்து அந்த ஆறு கோட்டு நாக்கை எடுத்துப் பொருத்தினார். மை ஊற்றினார். மூடினார். பேனா இரண்டு வருஷத்துக்கு முன்பு எப்படி இருந்ததோ, அச்சு அசல் அப்படியே ஆகிவிட்டது. விரல் நீலமாவது உட்பட.

"மரை தேஞ்சுபோயிருக்குது" என்றார். கண்ணில் பழைய பளபளப்பு. "வேலூர்ல ஒருத்தர்கிட்ட உடம்பு மட்டும் தனியா—"

எஸ்தர் பேனாவை அவர் கையிலிருந்து வாங்கினாள். மாதா படத்தடியில் எரிந்து மிஞ்சியிருந்த மெழுகுவர்த்தித் துண்டை எடுத்து, மரையில் இரண்டு சுற்றுத் தேய்த்து, திருகினாள். உதறிப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை.

"கை வைத்தியம்" என்றாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில், பெஞ்சு நாற்காலி முதல் சத்துணவு அண்டா வரை எண்ணிப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, எஸ்தர் பழைய நோட்டில் கையெழுத்துப் போட்டாள். கறுப்பும் இல்லாத நீலமும் இல்லாத அந்த நிறம், பல பக்கங்களுக்கு முன்னால் இருந்த அப்பாவின் நிறம். போட்டு முடித்ததும் மூடியின் நுனி தானாக அவள் பல்லுக்குப் போயிற்று. வாசலில் காவல் நிற்பதுபோல் நின்றுகொண்டிருந்த கிறிஸ்டோபர் வெகு நாளைக்குப் பிறகு மூச்சு விட்டார்.

புதிதாக வந்த தலைமையாசிரியை நதியா, "பேனா சூப்பரா இருக்குதும்மா, எங்க வாங்குனீங்க?" என்றாள்.

"வாங்கலம்மா. வீட்லயேதான் இருந்துச்சு. நடுவுல ஆரணி, வேலூர், திண்டிவனம்லாம் சுத்திப்பாத்துட்டு வந்துச்சு."

வீடு திரும்புகிற டவுன் பஸ்ஸில் கிறிஸ்டோபர் பத்து நிமிஷம் நல்லவராக இருந்தார். பதினோராவது நிமிஷம் மெல்லச் சரிந்து, "எஸ்தரு, அத இப்படிக் குடேன். துதிக்கை லேசா ஆடுற மாதிரி இருந்துச்சு..." என்றார்.

பேனாவை அன்றிலிருந்து காணவில்லை. கிறிஸ்டோபர் பீரோவைத் தேடினார், கைப்பையைத் தேடினார், அரிசிக்குள் கைவிட்டார். எஸ்தர் மட்டும் கடிதம் எழுதுகிறாள், பால் கணக்கு எழுதுகிறாள், விரலில் மையில்லாமல். பேனா எங்கே இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்கிறேன், அவரிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்: அவருடைய அலமாரியிலேயே, பதினெட்டாவது டப்பாவில். ஊரிலேயே அவர் கைபடாத ஒரே இடம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும் எழுந்து போய் உங்கள் வீட்டு மேஜையின் கடைசி இழுப்பறையைத் திறந்து பாருங்கள். டிவி போய் ஆறு வருஷமாகியும் அதன் ரிமோட், எந்தக் குக்கருக்கென்று தெரியாத விசில், பூட்டே இல்லாத மூன்று சாவி, 'என்றைக்காவது உதவும்' என்று எடுத்துவைத்த ஒரு ஸ்குரூ. அந்த ஸ்குரூ எதிலிருந்து கழன்றது? தெரியாது, இல்லையா? அது இல்லாமல் இப்போது எது ஆடிக்கொண்டிருக்கிறது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குத் தெரியும்.