விசிறியில் வந்த சீசன்

தந்திச் செய்தி மெய்யா பொய்யா என்று ஆராய்வது குமாஸ்தாவின் வேலையல்ல. சொற்களை எண்ணு, அனுப்பு. இதுதான் விதி. விதியை எழுதியவர் குற்றாலத்துச் சீசன் அண்ணாச்சியைப் பார்த்ததில்லை. தென்மேற்குப் பருவக்காற்று தன்னிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் செங்கோட்டைக் கணவாயைத் தாண்டுகிறது என்று மனமார நம்பிய ஒரே மனிதர் அவர்.

அருவிக்குப் பக்கத்தில் விடுதி வைத்திருந்தார். ஆனி பிறந்தால் பகல் சாப்பாட்டில் பொரித்த அப்பளத்தைத் தின்னாமல் கையில் பிடித்துக்கொண்டிருப்பார். ரசம் வருவதற்குள் அது நமுத்துவிட்டால் சீசன் நெருங்கிவிட்டது. நொறுங்கினால் சமையற்காரருக்குத் திட்டு.

ஐம்பதுகளின் கடைசியில் ஓர் ஆண்டு, ஆனி முடியப்போகிறது, சாரலைக் காணோம். அருவிப் பாறையில் துணி காயப்போட்டிருந்தார்கள். இந்த முறையும் அறைகள் காலியாகக் கிடந்தால் விடுதியைப் பூட்டிவிட்டு, மதுரையில் மருமகனின் இரும்புக்கடையில் போய் உட்கார வேண்டியதுதான் என்று அவர் வீட்டில் தீர்ப்பாகியிருந்தது.

அப்போதுதான் வழிதப்பிய சிறு விமானம் ஒன்று இலத்தூர்ப் பக்கம் காய்ந்த குளத்தில் இறங்கியது. மறுநாள் விடியலில் அது கிளம்புவதைப் பார்க்க ஊரே திரண்டது, நானும்தான். புழுக்கம் தாங்கவில்லை. முன்விசிறி சுழன்றதும் அதன் முனைகளைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் தோன்றியது.

“ஏலே, தீப்பிடிச்சிட்டுலே!”

கூட்டம் கரையேறி ஓடியது. அண்ணாச்சி மட்டும் விமானத்தை நோக்கி ஓடினார். பதறிப்போன விமானி எஞ்சினை அணைத்தார்.

“புகை இல்ல பெரியவரே. காத்துல ஈரம் அதிகம். விசிறி முனையில காத்து சட்டுனு குளுந்து, ஈரம் துளியாத் திரளுது. அவ்வளவுதான்.”

அந்த ‘அவ்வளவுதான்’ அண்ணாச்சி காதில் ஏறவில்லை. நான் தென்காசியில் தந்தி அலுவலகத்தைத் திறக்குமுன் வாசலில் நின்றார்.

“சார்வாள், சீசன் வந்துட்டு, ஒடனே பொறப்படுங்கன்னு ஒரு தந்தி அடியும்!”

ஆண்டுதோறும் குடும்பத்தோடு வந்து தங்கும் விருதுநகர்ப் பருத்தி வியாபாரி ஒருவருக்கு. பதில் தந்திக்கும் சேர்த்தே கட்டினார்.

விதியை மறந்து கேட்டேன்: “மழைய எங்க அண்ணாச்சி?”

“மேல ஏறியாச்சு, எறங்க வேண்டியதுதான பாக்கி! விசிறிக்குத் தெரியுது, உமக்குத் தெரியல.”

மழை இறங்கவில்லை. வானம் துவைத்த வேட்டி மாதிரி கிடந்தது. கடைத்தெருவில் அவரை விடவில்லை.

“அண்ணாச்சி, ஐந்தருவிக்கு ஒரு ஏரோப்ளேன் வாங்கிப் போட்டிருவமா?”

“சிரிங்கலே, சிரிங்க. நாளைக்கு நனைஞ்சுகிட்டு வருவிய.”

பதிலுக்காக நாள்தோறும் என் ஜன்னலுக்கு வருவார். ஒருநாள் குரலில் சத்தமே இல்லை.

“மருமவன் நல்ல பயதான் சார்வாள். ஆனா மதுரையில அப்பளம் நமுக்காதுல்லா?”

வந்திருந்த தந்திகளை இன்னொரு முறை புரட்டிப் பார்த்தேன். விருதுநகரிலிருந்து எதுவும் இல்லை.

ஒருவழியாக விருதுநகர் வாய்திறந்தது. “சீசன் இல்லையென்று விசாரித்தறிந்தோம். ஆனாலும் வருகிறோம். எல்லா அறையும் வேண்டும்.”

தந்தியைக் கொண்டுபோய்க் கொடுப்பது சேவகனின் வேலை. குமாஸ்தா இருக்கையை விட்டு அசையக்கூடாது. அதற்கும் விதி உண்டு. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்கு மிதித்தேன், பொட்டு மழையில்லாத வெயிலில். அன்று ஆடி முதல் தேதி.