சராசரி சாரும் செல்வராசுவின் வாரக்கூலியும்

தஞ்சாவூர் ஜில்லாவில் சம்பளம் வாங்கிய ஒரு ஜீவனும் சராசரி சாரிடமிருந்து தப்பியதில்லை. டீ ஆற்றுகிறவர், துணி தேய்க்கிறவர், கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிறவர் எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: "வாரத்துக்கு என்ன கெடைக்குது?" எங்கள் புள்ளிவிவர ஆபீசில் அவருக்கு அதுதான் வேலை. தனியார் கடைகளில் வேலை பார்ப்பவர்களின் வாரச் சராசரி ஊதியத்தை விசாரித்து மெட்ராசுக்கு அனுப்ப வேண்டும். அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

சும்மா கேட்டால் சலூன்காரர்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்று நாற்காலியில் உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்டே கேட்பார். ஒரே வாரத்தில் ஆறு கடை. ஏழாவது கடைக்காரர் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல நான் என்னத்த சார் வெட்டுறது?" என்றார்.

"மீசை இருக்குல்ல?" என்றார் சார்.

அன்று அவர் மனைவி கதவைத் திறக்க ரொம்ப யோசித்தார்களாம்.

அந்த மீசையில்லாத முகத்தோடுதான் மன்னார்குடி பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸுக்குப் போனார். கூட நானும் போயிருந்தேன். இலை போட வந்த செல்வராசு, "சாப்பிட்டீங்களா சார்? முகம் வாடியிருக்கே" என்றான். சார் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"முப்பது ரூபாய்ங்க" என்றான் பட்டென்று.

சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நாளில் அது முதலாளிக்கே கிடைக்காது. கை கழுவும் இடத்தில் மடக்கி, நாங்கள் யார் என்று சொன்னதும் பையன் வெலவெலத்துப் போனான்.

"பொண்ணு வீட்டு ஆளுங்க விசாரிக்க வந்திருக்கீங்கன்னு நெனச்சேன் சார். பன்னெண்டுதான் தர்றாங்க. அவங்ககிட்ட முப்பதுன்னு சொல்லிட்டேன். கல்யாணம் நின்னுபோகும். முப்பதுன்னே எழுதிடுங்க."

"எழுதிட்டேன்" என்றார் சார். என்ன எழுதினார் என்று சொல்லவில்லை. படிவத்தில் பன்னிரண்டுதான் இருந்தது.

செல்வராசு சும்மா இருந்திருக்கலாம். பெண்ணின் அப்பாவிடம், "சந்தேகம்னா தஞ்சாவூர்ல சர்க்காரே எழுதி வச்சிருக்கு, கேட்டுக்கங்க" என்று பீற்றிவிட்டான். மறுவாரமே மனுஷர் ஒரத்தநாட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சார் மேஜை முன்னால் நின்றார். சார் முதலில் அவரை உட்காரவைத்தார்.

"அறுப்புக் கூலிக்கு வருசா வருசம் கொடி புடிச்சி, போலீசுகிட்ட அடி வாங்குறோம்ங்க. எம்பொண்ணுக்கு அது வேணாம். வாராவாரம் காசு பாக்குற மாப்ளயா இருக்கட்டும்னு தேடுனேன். அந்தப் பையனுக்கு என்ன சம்பளம்ங்க?"

ஒருத்தர் சம்பளத்தை இன்னொருத்தரிடம் சொல்லக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் சட்டம். சாருக்கோ பொய் சொல்ல வராது.

"தனி ஆள் சம்பளத்தச் சொல்ல மாட்டேங்க. சராசரி வேணா சொல்றேன். மெஸ்ல பரிமாறுறவங்களுக்கு வாரத்துக்குப் பதினோரு ரூபா."

பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. எழுந்துவிட்டார்.

"ஒரு நிமிசம் இருங்க" என்றார் சார். அவர் படிவத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பேசி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். "இந்தத் தடவ நானூறு பேருகிட்ட கேட்டிருக்கேன். என் முகத்தப் பாத்து, சாப்பிட்டீங்களான்னு கேட்டவன் அந்தப் பையன் ஒருத்தன்தான். அத எழுத எங்க படிவத்துல கட்டம் இல்ல. அதான் வாயால சொல்றேன்."

பெரியவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். "சரிங்க. முப்பதுன்னு புளுகினதுக்கு மட்டும் நாலு வார்த்த நல்லாக் கேட்டுட்டு, நாள் குறிச்சிர்றேன்" என்றார்.

கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு வந்த ஆளையும் சார் விடவில்லை. ஆனால் அன்றைக்கு முதல் கேள்வி வேறாக இருந்தது. "நீங்க சாப்பிட்டீங்களா?" அந்த ஆள் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார்.

சார் போய்ச் சேர்ந்து பல வருஷமாயிற்று. நானும் ஹோட்டலுக்குப் போனால் பரிமாறுகிறவரிடம் அதைத்தான் கேட்கிறேன். பாதிப் பேர் என்னைக் கிறுக்கன் என்று நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். அந்த மனுஷரைப் பார்க்க வேண்டும் போலிருந்தால் எனக்கு வேறு வழி தெரியவில்லை.