கொடியில் ஒரு விஜி

"பன்னெண்டு விளக்கு எப்படிடா வரும்? பைபிள்ல கன்னிகைகள் பத்துப் பேருதான்" என்றார் ஞானதுரை.

தேனி பஜாரில் குடைக்கடை வைத்திருப்பவர். மகள் மகிமாவுக்குப் பள்ளியில் இரண்டு வகுப்பு இளையவனான சுரேஷ்கண்ணன், இப்போது ஃப்ளெக்ஸ் அடிக்கிறான். அவன் கம்ப்யூட்டர் திரையில் பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளின் கொடி. நீலத்தில் பச்சைக் கேடயம். நடுவே வெள்ளை அங்கியில் ஒரு பெண். அவள் கையிலும் சுற்றிலும் விளக்குகள்.

மகிமா அந்தத் தீவில் நர்ஸ். மூன்று வருடத்துக்கு முன், "போனா இந்த வாசலை மிதிக்காத" என்று சொல்லி அனுப்பியவர் இதே ஞானதுரைதான். அன்றிலிருந்து பேச்சில்லை. அவள் அனுப்பிய போட்டோக்களைக்கூடப் பார்த்ததில்லை. நாளை மறுநாள் வருகிறாள். மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வராது. கடை வாசலில் அவள் ஊர்க் கொடியைக் கட்டிவிட்டால் புரிந்துகொள்வாள் என்று நம்பினார், பாவம்.

"கூகுள்ல அப்படித்தான் இருக்கு அண்ணாச்சி."

"கூகுள் என்ன, ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போகுதா? ரெண்டை எடு."

பத்தாயிற்று. பைபிள் கதையில் மணவாளனை எதிர்கொள்ள விளக்கோடு போன அந்தப் பத்தில் ஐந்து பேர் எண்ணெய் கொண்டுபோகாத புத்தியில்லாதவர்கள் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. ஐந்து விளக்கை அணைக்கச் சொன்னார். அணைத்ததும் அவருக்கே மனசு கேட்கவில்லை.

"நல்ல காரியத்துல அணைஞ்ச விளக்கா? தூக்கிரு. கீழ என்னலே எழுதியிருக்கு?"

சுரேஷ்கண்ணன் எழுத்துக் கூட்டினான். "விஜி... லேட்."

"வர்ற பிள்ளைய லேட்டுன்னு போடுவியா? லேட்டை எடு."

எடுத்தான். மாதிரிப் படத்தை செல்போனில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனைவி சுகிர்தம் நிதானமாகப் பார்த்தாள்.

"யாருங்க விஜி?"

முப்பது வருடக் குடும்பம் ஆடிப்போனது. அன்றைய ரசத்தில் உப்பே இல்லை. மறுநாள் கடையைத் திறக்காமல் ஓடிப்போய், விஜியை அழித்து 'மகி' என்று போடவைத்த பிறகுதான் சோறு சோறாக வந்தது.

மகிமா வந்து இறங்கினாள். ஐந்து விளக்குக் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரியா இருக்காம்மா?" மூன்று வருடத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை.

"அது பத்துக் கன்னிகைகள் இல்லப்பா. உர்சுலான்னு ஒரு புனிதவதி. அவுக கூடப் போன பொண்ணுகளுக்காகத்தான் அத்தனை விளக்கு. கீழ இருந்தது லத்தீன். 'விழித்திருங்கள்'னு அர்த்தம்."

ஞானதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. இதையாவது உருப்படியாகச் செய்திருக்கக் கூடாதா? ஏணியில் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தவனைப் பார்த்துக் கத்தினார்.

"ஏலே, நான்தான் தெரியாமச் சொன்னேன். நீ விவரம் தெரிஞ்சவக கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டேனே அண்ணாச்சி" என்றான் சுரேஷ்கண்ணன். "ஒவ்வொரு தடவையும் அக்காவுக்குத்தான் அனுப்பிக் கேட்டேன். 'அப்பா இப்பத்தான் என் ஊரைப் பாக்குறாக, எதையும் திருத்தாம அவுக சொன்னபடியே போடு'ன்னுட்டாக."