ஜன்னலோரம் போன சாப்பாட்டுப் பலகை

ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் தோல் பதனிடும் டேனரி எத்தனை உண்டோ அத்தனையிலும் தேடிப் பாருங்கள், சாக்பீஸ் அண்ணனைப் போல் சந்தேகப்படுகிற மனிதர் கிடைக்கமாட்டார். கடவுளே நேரில் வந்து நின்றாலும், "கொஞ்சம் திரும்பி நில்லுங்க சாமி, முதுகுப் பக்கம் பாக்கணும்" என்று சொல்லியிருப்பார்.

தொழில் கொடுத்த புத்தி அது. எங்கள் டேனரியில் அவர் செலக்டர். பதனிட்ட தோலை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, தடவி, மடக்கி, முகர்ந்து, பிறகு புரட்டிப் போட்டு மறுபக்கத்தையும் பார்த்து, சாக்பீஸால் ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் எழுதுவார். மூன்றும் தேறாதது கழிவு. அவர் கழித்ததை முதலாளி வந்து கெஞ்சினாலும் திரும்ப எடுக்கமாட்டார். 'ஒன்று' எழுதி நான் பார்த்ததே இல்லை. "ஒன்னாம் நம்பர் தோலு மாட்டு மேல கூட இருக்காதுப்பா" என்பார்.

மகள் ரேவதி பிறந்தபோது, நர்ஸ் கையில் கொடுத்த குழந்தையை முதலில் கவிழ்த்து முதுகைப் பார்த்தாராம். ஒரு மச்சம் இருந்ததாம். "ரெண்டு" என்றாராம். அவர் மனைவியை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணி அந்த இரண்டை இன்னும் மன்னிக்கவில்லை. ஏற்றுமதிக் காகிதங்கள் எழுதும் எனக்கு ஒரு தோல் பை உண்டு. அதையும் மனிதர் விட்டுவைக்கவில்லை. மூடியைத் தூக்கி உள்பக்கத்தில் 'மூன்று' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

ரேவதிக்குப் பெங்களூரில் வேலை. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தாள். பீரை அங்கேயே காய்ச்சி, சாப்பாட்டையும் அலங்காரமாகப் போடுகிற பணக்காரப் பப் அது. மெனு படிக்க ஆள் வேண்டுமென்று என்னையும் கூட்டிக்கொண்டார்கள். அண்ணிக்கும் எனக்கும் மட்டும் ஒரு விஷயம் தெரியும். அந்தச் சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் பையனைத்தான் ரேவதி கட்டிக்கொள்ள நினைத்தாள். அவன் கைச் சாப்பாடு அப்பாவுக்குப் பிடித்துவிட்டால் அன்றே சொல்லிவிடுவதாகத் திட்டம். கழித்துவிட்டால் கல்யாணம் அவ்வளவுதான்.

ரயிலிலேயே ஆரம்பித்துவிட்டார். "ஆட்டோல ஏறவே யோசிக்கிற பொண்ணு, பப்புல சோறு வாங்கித் தர்றேன்னுது. இன்னாமோ இருக்குது."

"புள்ள ஆசையா கூப்ட்டா போய்ட்டு வரவேண்டிதுதான. ஏங்க பேஜார் பண்றீங்க" என்றார் அண்ணி.

உள்ளே நுழைந்ததும் அண்ணன் நின்றுவிட்டார். பட்டப்பகலில் மங்கலான விளக்குகள். "வெளிச்சத்த கம்மி பண்ணி வச்சிருக்கான்னா சரக்குல கோளாறு" என்றார். கண்ணாடிக்குப் பின்னால் பீர் காய்ச்சும் பெரிய பாத்திரங்களைப் பார்த்து, "நம்ம தோலு ஊறவைக்கிற சுண்ணாம்பு டிரம்மு மாதிரியே இருக்குதே" என்று இரண்டு முறை முகர்ந்தார். நாற்காலியைத் தடவி, "ரெக்ஸின்" என்று அவர் அறிவித்ததில் பக்கத்து மேஜைக்காரர் எழுந்து தன் நாற்காலியையும் தடவிப் பார்த்துக்கொண்டார்.

சாப்பாடு ஆளுக்கொரு மரப்பலகையில் வந்தது. புகையில் வாட்டிய ஆட்டுக்கறி, பக்கத்தில் பீட்ரூட், அதன் மேல் சீஸ்.

"தட்டு எங்க?"

"இதாம்பா தட்டு" என்றாள் ரேவதி.

அண்ணன் தன் பலகையைத் தூக்கிக்கொண்டு நேராக ஜன்னலுக்குப் போனார். மொத்தக் கூட்டமும் வேடிக்கை பார்க்க, கறித்துண்டை இரண்டு விரலால் தூக்கி, மடக்கி, முகர்ந்து, புரட்டினார். இங்கே அண்ணி ஒரு பீட்ரூட் துண்டை மாத்திரை விழுங்குவதுபோல் தண்ணீர் விட்டு உள்ளே தள்ளினார். அண்ணன் திரும்பி வந்ததும் அவரிடம், "ரொம்ப டேஸ்ட்டா இருக்குதுங்க. இன்னும் கொஞ்சம் வாங்கலாமா?" என்று கேட்டார்.

அங்கேதான் காரியம் கெட்டது. வெளிச் சாப்பாட்டை அண்ணி ஆயுளில் பாராட்டியதில்லை.

"கோயில் பொங்கல்ல உப்பு ஜாஸ்தின்னு பூசாரிகிட்டயே சொன்னவ நீ. இது நல்லாருக்குன்றியா?"

"நல்லாருக்கறத நல்லாருக்குன்னுதான சொல்லணும்."

"கறி உள்ள செவப்பா இருக்குது."

"அது அப்டித்தான் இருக்கும்."

"உனக்கு எப்டித் தெரியும்?"

அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டார். அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா."

"பிரமாதம்ணே" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காதைப் பார்த்தார்.

"சாப்பாடு கழிவு" என்றார். ரேவதியின் கண் நிறைந்துவிட்டது. "ஆனா ஒரு பக்கந்தான் பாத்துருக்கேன்" என்று எழுந்து, தடுக்க வந்த சர்வரைத் தாண்டிச் சமையலறைக்குள் புகுந்துவிட்டார்.

இருபது நிமிஷம் ஆளைக் காணோம். "எல்லாம் போச்சுப்பா. இந்த பீட்ரூட்ட வேற முழுங்கித் தொலச்சிட்டேன்" என்று அண்ணி முனகினார். ரேவதி சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் வந்து உட்கார்ந்தார். "உள்ள ஒரு பையன் தக்காளிய ஒவ்வொன்னா வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாக்கறான். பாதிக் கூடைய கழிச்சிட்டான். ஒன்ன எடுத்து, நல்லாதானப்பா இருக்குதுன்னேன். காம்புப் பக்கம் பாருங்கன்னான். ஊசிமுனை அளவு ஓட்டை. என் கண்ணுக்கே தப்பிடுச்சி." பலகையை மேஜை ஓரத்துக்குத் தள்ளினார். "சாப்பாட்டுல மாத்தம் இல்ல, கழிவுதான். பையன் ரெண்டு."

ரேவதி அழுதுகொண்டே, "எப்டிப்பா தெரியும்?" என்றாள்.

"வந்ததுலேர்ந்து நீ சோத்தப் பாக்கல, அந்தக் கதவத்தான் பாத்துனு இருந்த."

திரும்பும் ரயிலில் அண்ணி பிடித்துக்கொண்டார். "பொண்ணு ரெண்டு, மாப்ள ரெண்டு. முப்பது வருஷமா கூட இருக்கறேன், எனக்கு இன்னா நம்பர்?"

அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "உன்னத்தான் திருப்பிப் பாக்காம கட்டிக்கினு வந்துட்டேன். அப்பறம் பாக்கணும்னு தோணவே இல்ல."

வாணியம்பாடி வரும்வரை அண்ணி பேசவில்லை. பேசியபோது அந்தப் பீட்ரூட்டை வாய்க்கு வந்தபடி திட்டினார். அண்ணனுக்கு அப்போதுதான் நிம்மதி.

ஆம்பூரில் இறங்குவதற்கு முன் அவர் என் பையின் மூடியைத் தூக்கினார். மூன்றை விரலால் அழித்துவிட்டு இரண்டு என்று எழுதினார். "பொய் சொல்றப்போ உனக்குக் காது செவக்குது. பரவால்ல, நல்ல தோலுதான்" என்றார்.

சாக்பீஸ் எழுத்து எத்தனை நாள் தாங்கும்? மங்கும்போதெல்லாம் அந்த இரண்டின் மேல் நானே திரும்ப எழுதிக்கொள்கிறேன்.