மனைவிக்கும் சேர்த்து ஒரு நாத்திகர்

நாத்திகர்களில் இரண்டு வகை. கடவுள் இல்லை என்று நினைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகிறவர்கள் முதல் வகை. இவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, கண்டுபிடிக்கவே முடியாது. இரண்டாம் வகையைக் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. அவரே வந்து சொல்லிவிடுவார். உங்கள் பெயரைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். நீங்களும் ஒருவரையாவது சந்தித்திருப்பீர்களே?

நாம் பார்க்கப்போகும் ஆள் லிப்ட் மெக்கானிக். ஐம்பது வயது. எந்தக் கட்டடமானாலும் உச்சியிலிருக்கும் மோட்டார் அறைவரை ஏறி இறங்குகிறவர். “இந்த ஊர்ல எல்லா மாடிக்கும் மேல போய்ப் பாத்தவன் நான். தண்ணித் தொட்டிதான் இருக்கு” என்பது அவருடைய தத்துவத்தின் முதல் வரி; கடைசி வரியும் அதுதான். நின்றுபோன லிப்டுக்குள் அரை மணி நேரம் தவித்தவர் கதவு திறந்ததும் “கடவுளே” என்று பெருமூச்சு விட்டால், கூப்பிட்டது அவரை, வந்தது நான் என்று திருத்தாமல் வெளியே விடமாட்டார். கல்லில் கால் இடித்தால் வாயில் என்ன வரவேண்டும் என்பதைக்கூட இரண்டு வருடம் முயன்று பழகி வைத்திருந்தார். “ச்சே” வரும், வேறெதுவும் வராது. பக்திமான்களில்கூட இவ்வளவு ஆசாரம் பார்ப்பவர்கள் குறைவு.

ஆனால் அவருடைய பரமானந்தம் படிவங்களில் இருந்தது. எந்தப் படிவமானாலும் ‘மதம்’ என்ற கட்டம் வரும்வரை பொறுமையாக நிரப்புவார். அங்கே வந்ததும் பேனாவை ஒருமுறை உதறி, ‘இல்லை’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுப்பார். ஒரு கோடு போதாதா? போதாது. பிறகு, வாங்குகிறவரின் கண் அந்தக் கட்டத்துக்கு வந்து சேரும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். பார்க்காமலே முத்திரை குத்திவிட்டால் அன்றைக்கு முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்காது.

மனைவி வீட்டிலேயே துணி தைப்பவர். காலையில் அடுப்பில் தண்ணீர் கொதிப்பதற்குள் ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணை மூடி, உதடு அசைய அரை நிமிடம் நிற்பார். அந்த அரை நிமிடமும் இவர் செய்தித்தாளைச் சத்தமாகப் புரட்டுவார். இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் இதனால் ஒரு சண்டை வந்ததில்லை. அதைத் தன்னுடைய பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தார் மெக்கானிக்.

பித்தப்பையில் கல் என்று ஒரு நாள் காலை மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. மறுநாள் ஆபரேஷன். வலியில் சுருண்டு கிடந்தவரைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோய்விட, படிவத்தை இவர் நிரப்பினார். பெயர், வயது, ரத்த வகை. பிறகு அந்தக் கட்டம் வந்தது. படிவம் மனைவியுடையது என்பது அவருக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. ‘இல்லை’. இரண்டு கோடு. கௌண்டரில் இருந்த பெண் அதை வாங்கியதும், யாரும் கேட்காமலே, தண்ணீர்த் தொட்டியில் தொடங்கிப் பத்து நிமிடம் பேசினார். பின்னால் வரிசை வாசலைத் தாண்டியது. அந்தப் பெண் “சரிங்க சார்” என்றாள்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு ஏற்பாடு உண்டு. ஆபரேஷனுக்கு முந்தின மாலை, நாலரையிலிருந்து ஐந்தரைவரை, அந்தந்த மதத்துக்காரர் ஒருவர் பட்டியலோடு வந்து, நோயாளியின் கட்டிலருகே நின்று பிரார்த்தித்துவிட்டுப் போவார். ஊசியைக் கண்டாலே முகம் திருப்பிக்கொள்ளும் மனைவி, இதைக் கேள்விப்பட்டதிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மதத்தின் சார்பில் வயதான அம்மாள் ஒருவர் வந்தார். பக்கத்துக் கட்டிலில் நின்றார், பட்டியலைப் பார்த்தார், இந்தக் கட்டிலைத் தாண்டி நடந்தார். மனைவி கூப்பிட்டபோது சங்கடத்தோடு திரும்பினார். பட்டியலில் இல்லாத கட்டிலருகே நிற்கக் கூடாது என்று உத்தரவாம். நம் மெக்கானிக்கின் இனத்தைச் சேர்ந்த யாரோ முன்பு புகார் எழுதிக் கொடுத்ததிலிருந்து அப்படியாம். கீழே மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டால், ஐந்தரைக்குள் வந்து நிற்பதாகச் சொன்னார்.

மனைவி கணவரைப் பார்த்தார்.

“உங்களுக்கு இல்லன்னா நீங்க எழுதிக்கங்க. எனக்கு இல்லன்னு எழுத, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“நீ வலியில இருந்தே.”

“இருபத்திரண்டு வருஷமாவா வலியில இருந்தேன்?”

மணி ஐந்து. அதே கௌண்டரில், அதே பெண்ணிடம், மதம் உண்டு என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கடவுளுக்கு ஒருநாளும் பயப்படாத மனுஷனுக்கு, வரிசையில் நிற்கப்போகும் நாலு பேரை நினைத்ததும் பயம் வந்துவிட்டது. காலையில் நின்றவர்கள் இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று பகுத்தறிவு எடுத்துச் சொன்னது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐந்து மாடியும் படியிலேயே இறங்கினார். லிப்ட் என்றால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடும்.

திருத்தப் படிவத்தில் மதத்தை எழுதினார். கோடு போடவில்லை. அடுத்த கட்டம், ‘மாற்றத்துக்கான காரணம்’. பேனா அந்தரத்தில் நின்றது. அந்தப் பெண் நிமிராமலே சொன்னாள்.

“கணவர் தவறாக நிரப்பியதுன்னு போடுங்க சார். நிறைய பேர் அதான் போடறாங்க.”

போட்டார். ஆனால் வாய் சும்மா இருக்குமா? குனிந்து, குரலைத் தாழ்த்தி, “இது அவளுக்காக. நான் இப்பவும் நாத்திகன்தான்” என்றார்.

“நானும்தான் சார்” என்று முத்திரையைக் குத்தினாள் அவள். “அடுத்து யாரு?”

எப்போதிலிருந்து, எதனால், யாரிடமும் சொன்னதே இல்லையா என்று அவருக்கு நூறு கேள்வி எழுந்தது. அதற்குள் அடுத்தவர் தோளால் இடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஐந்து இருபத்தைந்துக்கு அந்த அம்மாள் கட்டிலருகே நின்றார். மனைவி கண்ணை மூடினார். மெக்கானிக்குக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முன்னால் கட்டினால் எதிர்ப்பு. பின்னால் கட்டினால் காவல். தொங்கவிட்டாலோ, ஏதோ ஒப்புக்கொண்டது மாதிரி. கடைசியில் போர்வையோடு சேர்த்து மனைவியின் கால்விரலைப் பிடித்துக்கொண்டார்.

“பயப்படாதீங்க” என்றார் மனைவி, கண்ணைத் திறக்காமல். “உங்க பேரை நான் இழுக்கல.”

இவ்வளவு நேரமும் அந்த மனுஷரை நினைத்துச் சிரித்திருப்பீர்கள். கடவுள் நம்பிக்கை உள்ளவர் என்றால் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது, எங்கள் வீட்டில் எல்லாருக்கும் நம்பிக்கை உண்டு என்று தலையைக்கூட ஆட்டியிருப்பீர்கள். எல்லாரையும் கேட்டுவிட்டுத்தானே ஆட்டினீர்கள்?