கெட்டில் எங்கள் வீட்டுக்கு வந்த விதம்

இந்த வருடம் கெட்டில் என் வீட்டுக்கு வந்தே தீரும் என்று செப்டம்பர் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை நான் அறிவித்தேன். ஓட்ஸ் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, எழுந்து நின்று அறிவித்தேன். என் மனைவி நாடியா தலை நிமிரவில்லை. ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்.

"வந்தா எங்க வைப்பே?"

"டிவிக்கு மேல இருக்கிற பலகையில. உங்கம்மா கடிகாரத்த எடுத்துடு."

"உன் மீன எடு."

"அது பதினெட்டு பவுண்டு. நானே பிடிச்சது."

"கடிகாரம் மணியாவது காட்டுது."

அந்த மீனை நான் சுப்பீரியர் ஏரியில் பிடித்து, பாடம் பண்ணி, வார்னிஷ் அடித்து வைத்திருக்கிறேன். அது வாயைத் திறந்தபடி பாதிப் பலகையை அடைத்துக்கொண்டிருக்கிறது. வாக்குவாதம் முற்றியது. கடைசியில் நாடியாவே ஒரு வழி சொன்னாள். கெட்டிலை யார் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்களோ அவர்கள் பலகையில் எது இருக்கலாம் என்று தீர்மானிக்கட்டும். கொண்டுவரப்போவது நான் ஒருவன்தான் என்பதால் உடனே ஒப்புக்கொண்டேன்.

கெட்டில் என்பது ஒரு பழைய அலுமினியக் காபிக் கெட்டில். மரக்கட்டையில் ஆணி அடித்து நிறுத்தியிருக்கிறோம். தண்டர் பே ஊரில் நாங்கள் பன்னிரண்டு பேர் இருபத்திரண்டு வருடமாக அதற்காக அடித்துக்கொள்கிறோம். ஆளுக்கொரு காகித அணி. நிஜமான ஹாக்கி வீரர்கள் பனிக்கட்டியில் கோல் அடிக்க அடிக்க, அவர்கள் பெயரை வைத்திருப்பவனுக்குப் புள்ளி ஏறும். பெரிய லீக்கில் இருப்பதைப் போலவே எங்களுக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. எடுத்து வைத்திருக்கும் ஆட்களின் மொத்தச் சம்பளம் அந்த வரம்பைத் தாண்டக்கூடாது. எங்களில் எவனுக்கும் சொந்தப் பென்ஷன் எவ்வளவு என்று சட்டென்று சொல்லத் தெரியாது. ஹாக்கிக்காரன் சம்பளம் என்றால் கடைசி டாலர் வரை சொல்வோம். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை இந்த ஊரில் பேசுவதற்கு வேறு விஷயமும் கிடையாது.

நான் நான்கு முறை இரண்டாம் இடம் வந்திருக்கிறேன். இரண்டாம் இடத்துக்குப் பரிசு, கெட்டிலைத் தொட்டுப் பார்க்கலாம். இந்த வருடமும் என்னைத் தடுத்துக்கொண்டிருந்தவர் ஒரே ஒருவர். டுவால்.

என் காகித அணியில் இருந்த டுவாலுக்கு முப்பத்தாறு வயது. ஒரு காலத்தில் சிங்கம். அவருடைய சம்பளம் மட்டும் என் உச்சவரம்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுகொண்டிருந்தது. அவரைத் தள்ளிவிட்டால் மூன்று நல்ல ஆட்களை உள்ளே கொண்டுவரலாம். ஆனால் வாங்குவதற்கு ஆள் வேண்டுமே. எங்கள் லீக்குக்குத் தலைவன், தபால் இலாகாவில் ஓய்வு பெற்ற கிளென். அவனிடம் கெஞ்சிப் பார்த்தேன். என் மோட்டார் படகைச் சேர்த்துக் கொடுத்தாலும் டுவால் வேண்டாம் என்றுவிட்டான்.

அந்த நேரத்தில்தான் எங்கள் ஸ்டான் ஊரைவிட்டு விக்டோரியாவுக்குப் போனான். அங்கே பனியே விழாதாம். அப்படிப்பட்ட ஊருக்குப் போனவனைப் பற்றி மேற்கொண்டு பேச நான் விரும்பவில்லை. அவனுடைய அணி போன வருடம் கடைசி. கடைசியாக வந்த அணிக்குப் புதிய வீரர்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைக்கும். அந்த முதல் ஆள் யார் என்பதில் ஊரில் இரண்டு கருத்து இல்லை. ஸ்வென்சன் என்று பதினெட்டு வயது ஸ்வீடன் பையன். அவன் ஆடிய எல்லா வீடியோவையும் நான் பார்த்திருந்தேன். அவன் ஷூ அளவு கூட எனக்குத் தெரியும்.

காலியான இடத்துக்கு யாராவது தெரியுமா என்று கிளென் எங்கள் வீட்டுக்குப் போன் செய்தான். போனை எடுத்த நாடியா, நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

சிரித்ததில் காபி என் மூக்கு வழியாக வந்தது. நாடியா இருபத்தாறு வருடமாக ஆஸ்பத்திரியில் முழங்கால் ஆபரேஷன் ஆனவர்களை நடக்கப் பழக்குகிற வேலை பார்க்கிறாள். ஹாக்கிக்கு அவள் செய்த சேவை இரண்டே. எங்கள் கூட்டங்களுக்கு, உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டை மாதிரியான பெரோகி அவித்துக் கொடுப்பாள். எனக்கு ஒரு விரலால்தான் டைப் அடிக்க வரும் என்பதால் எங்கள் விதிப்புத்தகத்தை டைப் அடித்துக் கொடுத்தவளும் அவள்தான். துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. முதல் தேர்வு கையில் இருக்கிறது, சம்பள வரம்பில் பாதி காலியாக இருக்கிறது, அனுபவம் சுத்தமாக இல்லை. இப்படி ஓர் ஆளைத் தேடி மற்றவர்கள் அலைகிறார்கள். எனக்கோ வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள்.

அந்தப் புதன்கிழமை டிவியில் ஒரு பயிற்சி ஆட்டம் நடந்தது. துவைத்த துணியைத் தூக்கிக்கொண்டு போன நாடியா ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். டுவால் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

"இவரு உக்காரும்போது வலது கைய ஊனிக்கிறாரு" என்றாள்.

மறைக்காமல் நகரு என்றேன்.

சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில், பிங்பாங் மேஜையைச் சுற்றி ஆள் எடுப்பு தொடங்கியது. கிளென் மணி அடிப்பதற்கு முன்னால் நான் எழுந்தேன்.

"நாடியா, ஒரு வியாபாரம். டுவால உனக்குத் தர்றேன். நானூறு கோல் அடிச்சவரு."

"எப்ப?"

"அடிச்சாரா இல்லையா?"

"சரி. நான் என்ன தரணும்?"

"உன் முதல் தேர்வு."

பதினோரு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

"டுவாலோட இன்னொண்ணும் வேணும்."

"என்ன வேணும்?"

"இப்பத் தோணல. அப்புறம் கேட்டுக்கிறேன்."

பெரிய லீக்கிலும் இப்படி ஒரு வழக்கம் உண்டு. ஆளைக் கொடுத்துவிட்டு, 'பிற்பாடு கேட்கப்படும்' என்று எழுதிக்கொள்வார்கள். அநேகமாக எதுவும் கேட்கமாட்டார்கள். ஒரு மரியாதைக்கு எழுதுவது. நாடியா கேட்கப்போவது என்ன என்பது எனக்குத் தெரியும். குளியலறைக்குப் பெயின்ட். மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை மேலே கொண்டுபோய் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தை வைத்து ஒட்டினாள்.

ஸ்வென்சன் பெயரை நான் சொன்னபோது அறையே கை தட்டியது. டுவாலின் இடத்தில் மேலும் மூன்று பேரை எடுத்தேன். கிளென் என் காதோரம் குனிந்து, "சொந்தப் பொண்டாட்டியவாய்யா இப்படி?" என்று கேட்டான். எனக்கே கொஞ்சம் இரக்கமாகத்தான் இருந்தது. அன்று மாலை கடைக்குப் போய், அவளுக்குப் பிடித்த இளஞ்சிவப்பு கிரீம் தடவிய பெர்ஷியன் பன் இரண்டு வாங்கி வந்து கொடுத்தேன். நன்றி சொல்லிச் சாப்பிட்டாள்.

நவம்பர் மாதம் டுவால் பனிக்கட்டியில் ஒரு திருப்பம் திரும்பினார். யாரும் இடிக்கவில்லை, யாரும் தொடவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். வலது முழங்கால். இந்த வருடம் இனி ஆடமாட்டார் என்றார்கள்.

தப்பித்தேன். என் தீர்க்கதரிசனத்தை நானே மெச்சிக்கொண்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். நாடியா பெரோகிக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் அணிய நினைச்சா பாவமா இருக்கு."

"அந்த மனுஷன்தான் பாவம். ஆறு மாசம் ஆகும்."

"அவ்வளவு சம்பளமும் உன் தலையில."

"விதி பதினாலு" என்றாள்.

விதிப்புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். வருடம் முழுக்க ஆட முடியாதபடி அடிபட்டவரின் சம்பளம் உச்சவரம்பில் சேராது. டுவாலுக்காக அவள் தன் வரம்பில் பெரிய இடத்தை ஒதுக்கியிருந்தாள். இப்போது அந்த இடம் திரும்ப அவள் கைக்கே வந்துவிட்டது. வந்த இடத்தைச் சும்மாவும் வைக்கவில்லை. வரம்பை மீறிவிடும் நிலையில் தவித்துக்கொண்டிருந்த கிளெனிடமிருந்து அன்று காலையே அவனுடைய கோல்கீப்பரை வாங்கியிருந்தாள். லீக்கிலேயே அவன்தான் முதல் கோல்கீப்பர்.

"முட்டி போகும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ சவுனா நீராவி அறையில கைய ஊனி உக்கார்ற மாதிரியே உக்காந்தாரு."

போகட்டும் என்று விட்டேன். விடுவதற்குக் காரணம் இருந்தது. ஸ்வென்சன் பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தான். ஜனவரியில் நான் முதல் இடம். பிப்ரவரியிலும் நான் முதல் இடம். காபிக்கடையில் ஆட்கள் எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தார்கள். நாடியா நான்காம் இடத்தில் தொற்றிக்கொண்டிருந்தாள். மார்ச் வரை எடுக்கும் புள்ளியில் முதல் நான்கு அணிகள் தேறும். ஏப்ரலில் அந்த நான்கும் சுழியிலிருந்து தொடங்கி கெட்டிலுக்கு மோதும்.

ஆனாலும் குளிர்பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் காகிதம் கண்ணில் பட்டது. கடனை முன்கூட்டியே கழித்துவிடுவது நல்லது என்று தோன்றியது. ஒரு வாரம் மெனக்கெட்டு குளியலறைக்குப் பெயின்ட் அடித்தேன். வெளிர்பச்சை, இரண்டு பூச்சு. நாடியா உள்ளே நின்று நாலு பக்கமும் பார்த்தாள். உண்மையிலேயே சந்தோஷப்பட்டாள்.

"அப்ப அந்தக் காகிதத்தக் கிழிச்சிடலாம்" என்றேன்.

"எதுக்கு? இது நீயா ஆசைப்பட்டுச் செஞ்சது."

மார்ச் மாதம், ஆள் மாற்று முடிகிற வெள்ளிக்கிழமை வந்தது. மதியம் மூன்று மணிக்கு மேல் யாரும் யாரையும் மாற்றிக்கொள்ள முடியாது. பன்னிரண்டு பேரும் எங்கள் கீழ்த்தளத்தில் கூடியிருந்தோம். வதக்கிய வெங்காயமும் புளித்த கிரீமும் மேலே போட்டு, தட்டுத் தட்டாகப் பெரோகி வந்துகொண்டே இருந்தது. நான் யாரையும் மாற்றவில்லை. ஜெயித்துக்கொண்டிருக்கிறவன் எதற்கு மாற்றவேண்டும்? மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நாடியா கையைத் துடைத்துக்கொண்டு கீழே வந்தாள். கையில் அந்தக் காகிதம்.

"இப்பத் தோணிடுச்சு" என்றாள். "ஸ்வென்சன்."

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. அதெல்லாம் மரியாதைக்கு எழுதுவது என்று விளக்கினேன். கிளென் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விதி பத்தொன்பதைப் படித்தான். பிற்பாடு கேட்பதாக எழுதிக்கொண்டவர், மாற்று முடியும் நாளுக்குள் எந்த ஒரு வீரரைக் கேட்டாலும் கொடுத்தே ஆகவேண்டும். தகராறு வந்தால் மற்றவர்கள் கை தூக்கித் தீர்மானிப்பார்கள்.

"எந்த முட்டாள் கொண்டுவந்த விதி இது?" என்று கேட்டேன்.

நான் கொண்டுவந்ததுதான். ஐந்து வருடம் முன்பு என்னிடம் ஒரு நல்ல ஆளை வாங்கிக்கொண்டு, பிற்பாடு தருகிறேன் என்று சொன்ன கிளென், கடைசியில் ஆல்கஹால் இல்லாத பீர் ஒரு பெட்டி கொடுத்தான். அந்தக் கோபத்தில் மேஜையைத் தட்டித் தட்டி நான் சொல்லச் சொல்ல, நாடியா டைப் அடித்தாள்.

ஓட்டுக்கு விடும்படி கேட்டேன். பத்துப் பேர் வாயிலும் பெரோகி இருந்தது. பத்து முள்கரண்டிகள் உயர்ந்தன. ஒருவன் தட்டையும் சேர்த்து உயர்த்தினான், அவனுக்கு இன்னும் இரண்டு வேண்டுமாம்.

"முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கோம், நாடியா. என்கிட்ட போய் இப்படிச் செய்யலாமா?"

"அதனாலதான் கையெழுத்து வாங்கினேன்."

ஏப்ரல் முழுக்க நானும் அவளும் ஒரே சோபாவில் உட்கார்ந்து எதிரெதிர் அணியாக ஆட்டம் பார்த்தோம். கடைசி நாள் வரை ஒரு புள்ளி முன்னே, ஒரு புள்ளி பின்னே. கடைசி ஆட்டத்தில் ஸ்வென்சன் மூன்று கோல் அடித்தான். மூன்றாவது கோலுக்கு நான் சோபாவிலிருந்து குதித்து நாடியாவைக் கட்டிப்பிடித்துக் கத்தினேன். அவன் இப்போது யாருடைய ஆள் என்பது கட்டிப்பிடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அப்படியும் நான் கையை எடுக்கவில்லை. உள்ளதைச் சொன்னால் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் கிளென் தன் வண்டியில் கெட்டிலைக் கொண்டுவந்து இறக்கினான். ஜெயித்துக் கொண்டுவந்த நாடியா தீர்மானித்தபடி பலகையில் கடிகாரமும் கெட்டிலும் இருக்கின்றன. மீன் கராஜில் பனி அள்ளும் மண்வெட்டிக்குப் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டிருக்கிறது.

இருந்தால் என்ன? கெட்டில் என் வீட்டுக்கு வரும் என்றேன், வந்துவிட்டது. காபிக்கடையில் யார் கேட்டாலும் நெஞ்சை நிமிர்த்தி, "எங்க வீட்டுலதான் இருக்கு" என்கிறேன். அதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. ஜெயித்தவர் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்துக் கெட்டிலில் பதிக்கவேண்டும். நாடியாவிடம் தனியாக, கொஞ்சம் பணிவாகவே கேட்டேன்.

"லாத்தினென்னு குடும்பப் பேர் மட்டும் பெருசா இருக்கட்டுமே. ரெண்டு பேருக்கும் பொது."

"சரி. பெருசாவே போடச் சொல்றேன்."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. சாவி வெட்டும் கடையிலிருந்து நானே தகட்டை வாங்கிவந்தேன். காகிதத்தைப் பிரிக்கவில்லை. எல்லோரையும் வரவழைத்து, பெரோகி பரிமாறவைத்து, நடுவில் நின்று பிரித்தேன். சொன்ன சொல் தவறாமல், லாத்தினென் என்று பெரிய எழுத்தில் பளபளவென்று இருந்தது. கை தட்டினார்கள். நான் தலை வணங்கினேன்.

கிளென் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, கீழே சின்ன எழுத்தில் இருந்ததை உரக்கப் படித்தான்.

"நாடியா. உபயம்: கணவர்."